முப்பத்தொன்பது ஷில்லிங்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த வேலைக்கு சர்வேயர் என்று பெயர். நிலம் அளக்கிறவன் என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரன் ஒரு அடி உள்ளே வந்துவிட்டான் என்று பட்டாவும் கையுமாக என் வாசலுக்கு வந்தவர்கள் உண்டு. நான் அளந்தது இழப்பை. கிடங்கு எரிந்தால், கடைக்குள் வெள்ளம் புகுந்தால், வீட்டுக்குள் திருடன் புகுந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும் முன்பு ‘போனது எவ்வளவு’ என்று போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கிற ஆள். நெருப்பையும் வெள்ளத்தையும் இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்றைக்குத் திருட்டு.

தொழிலின் ஆரம்பத்தில் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. குடும்பத்தோடு கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் தொங்குகிறது. போனது இரண்டு வெள்ளிக் குத்துவிளக்கு, ஒரு டேப் ரெக்கார்டர், கொஞ்சம் ரொக்கம். நகையெல்லாம் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனதால் தப்பித்தது. நான் போன அன்று வாசலில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. இரும்பு கேட் போடுகிறார்கள். வீட்டுக்காரர் ரசீதை நீட்டினார். “இதையும் சேத்துக்குங்க சார். திருடன் வந்ததாலதானே இந்தச் செலவு?” தொகை, போன பொருளின் மதிப்பைவிட அதிகம். பாலிசியில் அதற்கு இடமில்லை என்றேன். கிளம்பும்போது பார்த்தேன், அதே வெல்டர் அதே தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடுகளில் அளவெடுத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று வீட்டிலும் ஒரு ஸ்பூன்கூடத் திருடு போகவில்லை.

நான் எழுதிய அறிக்கையில் அந்தத் திருட்டுக்கு இரண்டு குத்துவிளக்கும் ஒரு டேப் ரெக்கார்டரும் கொஞ்சம் ரொக்கமும்தான் விலை. தெரு கொடுத்தது நான்கு இரும்பு கேட். திருட்டுக்கு விலை எழுதுகிற நான் உண்மையில் எதற்கு விலை எழுதுகிறேன் என்ற சந்தேகம் அன்றைக்குப் பிடித்தது, வேலையை விட்ட பிறகும் போகவில்லை.

பிரிட்டனின் உள்துறை அமைச்சகம் இதை முறையாகக் கணக்குப் போட்டு 2018-ல் வெளியிட்டது. குற்றத்தின் செலவை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். நடந்துவிடுமோ என்று பயந்து முன்கூட்டிச் செய்கிற செலவு ஒன்று: பூட்டு, அலாரம், இன்சூரன்ஸை நடத்தும் செலவு. நடந்ததால் வருகிற இழப்பு இரண்டாவது: போன பொருள், உடைந்த கதவு, மனவேதனை, வேலைக்குப் போகாத நாள். நடந்த பிறகு அரசு செய்கிற செலவு மூன்றாவது: போலீஸ், கோர்ட், சிறை. கூட்டிப் பார்த்தால் ஒரு வீட்டுத் திருட்டுக்குச் சராசரி 5,930 பவுண்டு, ஒரு வழிப்பறிக்கு 11,320 பவுண்டு. மனவேதனைக்குப் பவுண்டில் எப்படி விலை போட்டார்கள் என்பது தனிச் சண்டை, அதில் நான் இறங்கவில்லை. அவர்களிடம் மூன்று கட்டம் இருந்தது. என் படிவத்தில் இரண்டாவது கட்டத்தின் ஒரு மூலை மட்டும்தான் இருந்தது.

அந்த முதல் கட்டத்தைச் சென்னைக்குப் பொருத்திப் பாருங்கள். ஜன்னலுக்குக் கிரில் இல்லாத வீட்டை இந்த ஊரில் யாரும் வாடகைக்குக்கூட எடுப்பதில்லை. கிரில் இருந்தாலும் திருடன் விடுகிறானா? புறநகரில் ஒரு காலம் ‘பீரோ புல்லிங்’ என்றே ஒரு தினுசுத் திருட்டு இருந்தது. பத்திரிகைகளும் அந்தப் பெயரிலேயே எழுதின. காற்றுக்காக ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவார்கள். வெளியிலிருந்து கம்பியை விட்டு, ஜன்னலோரத்து பீரோவை இழுத்து, நெம்பித் திறந்து, உள்ளே கால் வைக்காமலே காரியத்தை முடித்துவிடுவார்கள். அதற்குக் குடியிருந்தவர்கள் கொடுத்த விலை, காற்று. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெந்தார்கள். வசதி வந்ததும் ஏ.சி. வாங்கினார்கள். அந்தக் கரண்ட் பில்லில் திருடனுக்கு எத்தனை பங்கு என்று எந்த சர்வேயராலும் எழுத முடியாது.

முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நடக்கிற பெண்கள், கவரிங் சங்கிலியோடு காலை நடைக்குப் போகிறவர்கள், ஊரே கல்யாணத்துக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள என்று விட்டுவைக்கப்படுகிற பாட்டி, அபார்ட்மெண்ட் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் எல்லாரும் இந்த முதல் கட்டத்தில்தான் வருகிறார்கள்.

கேமராவும் இதிலேதான். 2017-க்குப் பிறகு, ஏ.கே. விஸ்வநாதன் சென்னைக் காவல் ஆணையராக இருந்தபோது, ‘மூன்றாவது கண்’ என்று ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா வைக்கும் திட்டம் வந்தது. நகரம் முழுக்க இரண்டு லட்சத்துக்கு மேல் வைத்தார்கள். சங்கிலிப் பறிப்பு குறைந்தது என்று போலீஸ் சொன்னது, நான் நம்புகிறேன். ஆனால் அந்தக் காசில் பெரும்பங்கு குடியிருப்போர் சங்கங்களும் கடைக்காரர்களும் போட்டது. காசு போட முடிந்த காலனிக்குக் கண் கிடைத்தது. போட முடியாத இடத்துத் திருட்டுக்குச் சாட்சி வானம்தான். பராமரிப்பு யார் பொறுப்பு என்பது அடுத்த கேள்வி. எங்கள் தெருக் கேமராவின் மேல் புறா கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது.

செலவு கிடக்கட்டும், எண்ணிக்கையாவது சரியாகத் தெரியுமா என்றால், அங்கேதான் வேடிக்கை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் புத்தகம் போடுகிறது. இருபது லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள 19 பெருநகரங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்ற விகிதத்தை வைத்துக்கொண்டு, எந்த ஊர் பத்திரமான ஊர் என்று டி.வி.யில் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2011 ஜனத்தொகையால் வகுத்திருக்கிறார்கள். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு எடுக்கப்படவில்லை. 2011-க்குப் பின்னால் பிழைக்க வந்தவர்களிடம் நடக்கிற திருட்டு மேலே ஏறும், வந்த ஆட்கள் கீழே சேர மாட்டார்கள்.

‘சென்னை’ எது என்பதும் மாறும். 2022 ஜனவரி 1 அன்று ஒரே காவல் ஆணையரகம் சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்றாகப் பிரிந்தது. ஆணையர் அலுவலகத்தின் எண்ணிக்கையை முந்தைய வருஷத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு கூட்டம் திருடர்கள் ஒரே ராத்திரியில் திருந்திவிட்டதுபோல் இருக்கும்.

டெல்லியில் நேர்மாறு. அங்கே 2015-ல் வாகனத் திருட்டுக்கு ஸ்டேஷன் படி ஏறாமலே இணையத்தில் எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று வசதி செய்தார்கள், பிறகு மற்றத் திருட்டுகளுக்கும் அது வந்தது. எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. திருட்டுத் தலைநகரம் என்று பெயரும் வந்தது. எஸ்.ஐ.யின் முகத்தைப் பார்க்காமல் புகார் கொடுக்க முடிந்தால் ஜனங்கள் கொடுக்கிறார்கள் என்பதுதான் அந்த எண் சொன்ன செய்தி.

ரூபாய்க் கணக்கை இன்னும் நம்பக் கூடாது. 2005-ல் ஒரு பவுன் ஐயாயிரம் ரூபாய் சுமாருக்கு விற்றது. 2025 செப்டம்பரில் எண்பதாயிரத்தைத் தாண்டியது. ஐந்து பவுன் சங்கிலி அன்றைக்குப் பறிபோனால் ‘இருபத்தைந்தாயிரம் ரூபாய் நகை’, அதே சங்கிலி 2025 செப்டம்பரில் போனால் ‘நான்கு லட்ச ரூபாய் நகை’. ஒரு திருடன்கூடக் கூடாமல், ஒரு கழுத்துகூடக் கூடுதலாகக் காயப்படாமல், ‘களவுபோன சொத்தின் மதிப்பு’ பதினாறு மடங்கு ஏறிவிடும்.

இன்னொன்று, பெயர் வைப்பது. வீட்டில் தனியாக இருந்த மூதாட்டியைக் கொன்று நகையை எடுத்துப் போனால் போலீஸ் மொழியில் அது ‘ஆதாயக் கொலை’. ஒரே சம்பவத்தில் பல குற்றம் இருந்தால் பெரியதை மட்டும் எண்ணுவது காப்பகத்தின் விதி, ஆகவே அது கொலைக் கணக்கில் ஒன்றாக நிற்கும், கொள்ளைக் கணக்கில் இருக்காது. சங்கிலிப் பறிப்புக்கு 160 வருஷப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கவில்லை. திருட்டு என்றும் எழுதினார்கள், வழிப்பறி என்றும் எழுதினார்கள், எழுதுகிறவர் கை. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில்தான் 304-வது பிரிவாகப் ‘பறிப்பு’ தனியாக வந்தது.

இதையெல்லாம் தாண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றுபோகிற திருட்டு எத்தனை? 2017-ல் ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் போய், உங்கள் வீட்டில் திருட்டு நடந்ததா, நடந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்டது. திருட்டுக் கொடுத்தவர்களில் எஃப்.ஐ.ஆர். வரை போனவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பிரிட்டனில் இப்படி வீடு வீடாகக் கேட்பது 1982-லிருந்து அரசு வேலை. இங்கே அது ஆசைப்பட்ட நிறுவனம் ஆசைப்பட்டபோது செய்கிற காரியம்.

நானே ஒருமுறை போனேன். மார்க்கெட் நெரிசலில் சட்டைப் பையிலிருந்த போன் போய்விட்டது. ஸ்டேஷனில் ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். “சார், திருடு போச்சுன்னு எழுதாதீங்க. தொலஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க. சிம் வாங்க அது போதும்.” போன் தானாகவே எங்கோ நடந்து போய்விட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முப்பது வருஷம் மற்றவர்களிடம் ‘எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே’ என்று அதட்டிய மனுஷன்.

இப்போது உங்களை லண்டனுக்குக் கூட்டிப்போக வேண்டும். பெருநகரத்தில் திருட்டுக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று முதன்முதலில் பெரிய அளவில் கணக்குப் போட்டவர் பேட்ரிக் கொஹூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கிளாஸ்கோவில் வியாபாரி, பிறகு லண்டனில் மாஜிஸ்திரேட். இந்த மண்ணோடும் அவருக்கு ஒரு சின்னப் பகை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்து கொண்டுபோய் இறக்கிய துணி தங்கள் பருத்தி ஆலைகளைக் கெடுக்கிறது என்று ஆலைக்காரர்களுக்காக வாதாடியவர் அவர். 1796-ல் லண்டன் போலீஸைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். திருட்டால் நகரத்துக்கு வருஷம் இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பு என்றார். லண்டனில் 1,15,000 பேர் குற்றத்தில் பிழைக்கிறார்கள் என்றும் எழுதினார். அப்போது நகரத்தின் ஜனத்தொகை பத்து லட்சத்தைத் தொடவில்லை. எட்டுப் பேருக்கு ஒருவர்! கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிற ஏழைகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்.

அந்தக் கணக்கு வேலை செய்தது. தேம்ஸ் நதியில் நிற்கிற கப்பல்களிலிருந்து மட்டும் வருஷம் ஐந்து லட்சம் பவுண்டு சரக்கு போகிறது என்று சொல்லி, மேற்கிந்தியத் தீவு வியாபாரிகளிடம் பணம் வாங்கி, 1798 ஜூலையில் வாப்பிங் என்ற இடத்தில் நதிப் போலீஸை ஆரம்பித்தார். முதல் வருஷச் செலவு 4,200 பவுண்டு. காப்பாற்றிய சரக்கு 1,22,000 பவுண்டு என்று அறிக்கை கொடுத்தார். இப்படி ஒரு லாபக் கணக்கைக் காட்டினால் எந்த அரசாங்கம் வேண்டாம் என்று சொல்லும்? 1800-ல் சட்டம் போட்டு அந்தப் படையை அரசே எடுத்துக்கொண்டது.

அதில் ஒரு விஷயம் கணக்குக்குள் வரவில்லை. கப்பலில் மூட்டை இறக்குகிற கூலிகள், தரையில் சிந்திக் கிடக்கும் சர்க்கரையையும் காப்பிக்கொட்டையையும் வாரி எடுத்துப் போவது தலைமுறை வழக்கம். அது கூலியில் சேர்த்தி, சிலருக்கு அதுதான் கூலியே. கொஹூன் அதைத் திருட்டு என்று எழுதினார். நேற்று வரை கூலியாக இருந்தது அன்று காலையில் களவாயிற்று. 1798 அக்டோபரில் இரண்டாயிரம் பேர் திரண்டு வந்து அந்தப் போலீஸ் ஆபீஸைக் கொளுத்தப் பார்த்தார்கள். அதில் உயிரும் போயிற்று. அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். அவர்களிடமிருந்து போனது எவ்வளவு என்று எந்த சர்வேயரையும் யாரும் அனுப்பவில்லை.

இதே லண்டனில் இன்னொரு பக்கம், சாதாரண ஜனங்கள் திருட்டுக்கு வேறு விதமாக விலை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டத்தில் திருடிய பொருளின் விலைதான் தண்டனையை முடிவு செய்யும். வீட்டுக்குள்ளிருந்து திருடினது நாற்பது ஷில்லிங் அல்லது அதற்கு மேல் என்றால் தூக்கு. ஒரு வேலைக்காரப் பெண் எஜமானி வீட்டிலிருந்து துணியும் வெள்ளிக் கரண்டியும் எடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் விசாரித்தால் ஐந்தாறு பவுண்டு தேறும், அதாவது நூறு ஷில்லிங்குக்கு மேல். ஜூரிகளுக்கு அது தெரியும், நீதிபதிக்கும் தெரியும். ஜூரி எழுந்து நின்று, குற்றவாளிதான், ஆனால் பொருளின் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங் என்பார். ஒரு ஷில்லிங்கில் உயிர் தப்பும். இப்படிப் பொய் சொல்வதைப் பக்தியான பொய் என்று அங்கே சொன்னார்கள். 1827-ல் அந்தத் தூக்கு வரம்பை நாற்பது ஷில்லிங்கிலிருந்து ஐந்து பவுண்டுக்கு உயர்த்தினார்கள். ஐந்து பவுண்டு என்றால் நூறு ஷில்லிங். ஜூரிகள் தொண்ணூற்றொன்பது என்று எழுத ஆரம்பித்தார்கள்.

என் தொழிலின் முன்னோர்கள் என்று யாரையாவது கும்பிட வேண்டும் என்றால் நான் கொஹூனைக் கும்பிட மாட்டேன், இந்த ஜூரிகளைக் கும்பிடுவேன். அவர்கள் எழுதிய விலை தப்பு. ஆனால் யாருடைய கழுத்துக்காக எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதினார்கள்.

அதே லண்டனில், இதற்கெல்லாம் முன்பு, ஜோனதன் வைல்ட் என்று ஒருவர் இருந்தார். திருடு போனால் அவரிடம் போகலாம். ஒரு தொகை கொடுத்தால் பொருள் திரும்பி வரும். எப்படி வரும்? திருடியதே அவர் ஆட்கள்தான். அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்த பிறகும் தொழிலை விடவில்லை, 1725 மே 24 அன்று தூக்கில் தொங்கினார். இதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தென் மாவட்டங்களில் மாடு களவு போனால் ‘துப்புக்கூலி’ கொடுத்து மீட்பது நம் தாத்தாக்கள் காலத்து நடைமுறை. போலீஸுக்குப் போவதைவிட மலிவு, மாடும் உயிரோடு வரும்.

நாற்பது ஷில்லிங் பழங்கதை என்று நினைத்தேன். புதிய சட்டங்களைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு சாதாரணத் திருட்டு. பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை மாட்டியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறை கிடையாது, சமூக சேவை. நல்ல காரியம். இருபது வயசுப் பையன் ஒரு பழைய போனுக்காகப் புழல் சிறைக்குப் போய், பெரிய திருட்டைக் கற்றுக்கொண்டு வர வேண்டியதில்லை. கைதட்டலாம்.

அதன் கூடவே வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது. அந்த ஐயாயிரத்துக்குக் கீழான திருட்டு, போலீஸ் தானாக வழக்குப் பதிந்து புலனாய்வு செய்யக்கூடிய குற்றம் இல்லை. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் கை வைக்க முடியாது. லண்டன் ஜூரி திருடனைக் காப்பாற்ற ஒரு ஷில்லிங்கைக் குறைத்தார். இங்கே ஒரு ரூபாய் குறைந்தால் திருட்டுக் கொடுத்தவருக்கு வழக்கே இல்லை.

எங்கள் பக்கத்துக் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிற அம்மா ஒருவர் உண்டு. கூடைக்குப் பக்கத்தில் வைத்திருந்த போனை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். யாரிடமோ பழசாக 4,500 ரூபாய்க்கு வாங்கின போன். கழுத்திலிருந்து பறித்திருந்தால் ‘பறிப்பு’, வீட்டுக்குள்ளிருந்து போயிருந்தால் வேறு பிரிவு, அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. தெருவோரக் கூடை வீடு இல்லையே. ஸ்டேஷனில், “விலை என்னம்மா?” என்று கேட்டார்களாம். உள்ளதைச் சொன்னார். அதோடு முடிந்தது.

சர்வேயராக நான் அந்த வழக்கை எழுதியிருந்தால், தேய்மானம் போக மூவாயிரத்து ஐந்நூறு என்று போட்டிருப்பேன். அந்த அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலை கட்டிவைக்கச் சொல்லிப் போன் பண்ணுகிற வாடிக்கைக்காரர்கள் நம்பர் எல்லாம் போயிற்று. ஜி-பே காசு வந்ததா என்று பார்க்க வழியில்லாமல் மூன்று நாள் ரொக்கத்துக்கு மட்டும் வியாபாரம். சிம் கார்டுக்கு ஒரு நாள், பேங்குக்கு ஒரு நாள். மறுபடி ஒரு போன் வாங்கத் தண்டல். தண்டல் எப்படி என்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும்: ஐயாயிரம் என்றால் பிடித்தம் போகக் கையில் வருவது 4,500, தினம் ஐம்பது ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பிரிட்டன்காரர்களின் மூன்று கட்டத்திலும் அந்த அம்மாவின் தண்டல்காரருக்கு இடமில்லை.

நான்கு லட்ச ரூபாய்ச் சங்கிலி போனவருக்கு எஃப்.ஐ.ஆர். உண்டு, தனிப்படை உண்டு, மீட்ட நகைகளை மேஜையில் அடுக்கிவைத்து ஆணையர் கையால் வாங்கிக்கொள்ளும் படம் உண்டு. பாலிசி இருந்தால் என்னைப்போல் ஒருவன் வருவான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை; அவர் இழப்பும் இழப்புதான், பாலிசி இருந்தும் எத்தனையோ பேரைக் கைவிரித்து அனுப்பியிருக்கிறேன். வீட்டுத் திருட்டுப் பாலிசியில், பலவந்தமாக உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், பூட்டை நெம்பிய தடம் இருந்தால்தான் பணம். கள்ளச்சாவி போட்டுத் திறந்தால் இல்லை. 2004-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது: பலம் பிரயோகிக்காத திருட்டுக்கு அந்தப் பாலிசி பொறுப்பில்லை. திருடன் கெட்டிக்காரனாக இருந்தால் வீட்டுக்காரருக்கு நஷ்டம், முரடனாக இருந்தால் லாபம். டூ வீலர் கதை இன்னும் மோசம். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். வண்டி திருடு போனால் அதில் பைசா வராது. பழைய வண்டியில் காய்கறியும் கேனும் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் பெரும்பாலும் அதை மட்டும்தான் எடுக்கிறார்கள்.

பொருளே கிடைத்தாலும் வீட்டுக்கு வர வழி நீளம். அது ‘கேஸ் சொத்து’. வண்டிகள் ஸ்டேஷன் வளாகத்தில் துருப்பிடித்து, உள்ளே ஆமணக்குச் செடி முளைத்துக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 497-வது பிரிவு, பதினான்கு நாளில் விவரம் எழுதி, போட்டோவும் வீடியோவும் எடுத்து, அதன் பிறகு முப்பது நாளில் உத்தரவு போட வேண்டும் என்கிறது. செய்தால் பெரிய விஷயம். தமிழில் களவைப் பற்றிப் பேசுகிறவன் சிலம்பைத் தொடாமல் மேடையிலிருந்து இறங்கக் கூடாது என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று சொத்தை முதலில் அடையாளம் பார்க்கிற ஒரு சர்வேயர் பாண்டியன் அவையில் இருந்திருந்தால் மதுரை எரிந்திருக்காது.

சிரிக்கிறீர்கள். சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்கிறேன். 2025 மார்ச் 25 காலையில் தென்சென்னையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு பெண்களிடம் சங்கிலி பறித்தார்கள். பறித்தவர்கள் விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். அபாரமான போலீஸ் வேலை, சந்தேகமில்லை. மறைத்துவைத்த நகையை எடுக்க அவர்களில் ஒருவரை அன்றிரவு கூட்டிப்போனபோது போலீஸைச் சுட்டார், போலீஸ் திருப்பிச் சுட்டதில் இறந்தார் என்று அறிவித்தார்கள். நகரம் சந்தோஷப்பட்டது. பறிப்புக்குச் சட்டத்தில் அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை. நாற்பது ஷில்லிங்குக்குத் தூக்கு என்று கேட்டபோது ‘ச்சே’ என்று உச்சுக்கொட்டிய நாம், அன்று டீக்கடையில் என்ன பேசினோம் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், வாட்ச்மேன், தெருமுனை இஸ்திரிக்காரர் யாருக்காவது திருட்டு நடந்தால், ஸ்டேஷனுக்குத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். ‘தொலைந்து போனது’ என்று எழுத விடாதீர்கள். ஐயாயிரமோ அதற்கு மேலோ என்றால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டியது போலீஸின் கடமை, 2013-லேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியாயிற்று. ஐயாயிரத்துக்குக் கீழே என்றாலும், சொன்ன விவரத்தைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த நாட்குறிப்பு மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும்; நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். போன் என்றால் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பரை இன்றைக்கே எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அதை முடக்க முடியும்.

பூக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன வாரம் நானே மறுபடி ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். ரசீது கொடுத்தார்கள். அதில் மதிப்பு 4,500 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. தண்டலில் இன்னும் அறுபத்திரண்டு நாள் பாக்கி.